படகு வலித்தவனின் அம்மா

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய் என்பது ஞாயிற்றுக்கிழமை போனிலேயே தெரிந்துவிட்டது. உன் கல்யாணப் பத்திரிகையில் நண்பர்கள் பெயர் போட வேண்டும் என்றாய். "மொதப் பேரு செல்வம் பேருதாம்மா. சுதா வீட்ல கடைசி நேரத்துல மாத்திப் பேசுனாங்கன்னா அவன்தான வண்டியக் கொண்டு வரணும்" என்று சொல்லிச் சிரித்தாய். அதற்கு மேல் என் குரல் கேட்டிருக்காது. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்திருப்பாய். கட்டாகவில்லை, நான்தான் வைத்தேன். அப்புறம் நீ மூன்று முறை அடித்தாய். பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு எடுக்காமல் இருந்தேன். போனில் சொன்னால் பாதியில் மீட்டிங் என்பாய், சிக்னல் இல்லை என்பாய். அதனால்தான் எழுதுகிறேன். சென்னையில் உன் அறையில் இதைப் பிரிக்கும்போது யாரும் கூட இருக்க வேண்டாம். உட்கார்ந்து படி.

இந்தக் கோபம் ஒரு புத்தகத்தில் ஆரம்பித்தது. சிரிக்காதே. கோரிப்பாளையத்தில் நான் மெம்பராக இருக்கும் வாடகைப் புத்தகக் கடை உனக்குத் தெரியும். சின்ன வயதில் உன்னையும் கையைப் பிடித்து அங்கே கூட்டிப்போவேன். கடைக்கார பாய் போன மாதம் ஒரு தடி இங்கிலீஷ் நாவலை எனக்கென்று எடுத்து வைத்திருந்தார். "அக்கா, சரித்திரக் கதை. உங்களுக்குன்னே மறைச்சு வச்சேன். நாலு பேரு கேட்டுட்டாங்க. கடைசில அழுதுருவீங்க பாருங்க" என்றார். அட்டையில் ஒரு கப்பல், அதன் முனையில் பாம்புத் தலை. மஞ்சள் தலைமுடிக்காரன் ஒருவன் ஒரு பெண்ணை இடுப்பில் பிடித்துக்கொண்டு நிற்கிறான். உள்ளே புரட்டினால் இங்கிலாந்து, வைக்கிங்குகள் என்ற கடல் கொள்ளைக்காரர்கள் படையெடுத்த காலம். எனக்கு எவ்வளவு ஆசை வந்தது தெரியுமா? பசுமலையில் பி.ஏ. படித்தபோது இங்கிலாந்து வரலாறு என்று ஒரு பேப்பர் இருந்தது. வைக்கிங்குகளுக்கு அதில் டேனியர் என்று பெயர். டேனியர் படையெடுப்பின் விளைவுகள் யாவை, பத்து மதிப்பெண். ஊர்கள் எரிந்தன, மடாலயங்கள் கொள்ளை போயின, மக்கள் அடிமைகளாகக் கொண்டு செல்லப்பட்டனர் என்று மனப்பாடம் செய்து எழுதினேன். எட்டு மதிப்பெண் போட்டார்கள். அந்த மூன்று வரிகளுக்குள் இருந்த மனிதர்கள் என்ன சாப்பிட்டார்கள், கப்பல் தெரிந்ததும் எந்தப் பக்கம் ஓடினார்கள், திரும்பி வந்து எதைத் தேடினார்கள் என்று இருபத்தைந்து வருஷம் கழித்தாவது தெரிந்துகொள்ளலாம் என்று நினைத்தேன்.

ஒன்றும் தெரியவில்லை. எனக்குக் கிடைத்தது வேறு. முதல் அத்தியாயத்தில் அந்தப் பெண் வாசலில் தானியம் புடைத்துக்கொண்டிருக்கிறாள், உள்ளேயிருந்து அவள் அம்மா கூப்பிடுகிறாள். கப்பல் வருகிறது. மஞ்சள் தலைக்காரன் இவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கடற்கரைக்கு நடக்கிறான். வீடு எரிகிறது. எழுபதாம் பக்கத்தில் அவனுடைய கண்கள் கடல் நிறம் என்று இவள் கவனிக்கிறாள். நூற்றிருபதில் அவனுக்குக் காய்ச்சல் வந்து இவள் நெற்றியைத் துடைக்கிறாள். அதற்குப் பிறகு எல்லாம் காதல்தான். அவனுடைய முரட்டுத்தனம் எல்லாம் காதலாம், இவளுக்குத்தான் புரிய நாளானதாம். கடைசிப் பக்கத்தில் அவன் ஊர்க் கடற்கரையில் இடுப்பில் பிள்ளையோடு நின்று சூரியனைப் பார்க்கிறாள். அவள் அம்மா? எரிந்த வீட்டுக்குள் இருந்தாளா, தப்பினாளா, மகளைத் தேடிக் கடற்கரைக்கு ஓடினாளா? நானூற்றுப் பத்துப் பக்கத்தில் ஒரு வரி இல்லை. ஒரு தடவை, தூக்கத்தில்கூட, இந்தப் பெண் அம்மாவை நினைக்கவில்லை.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது பாயிடம் கேட்டேவிட்டேன்.

"பாய், அவ அம்மா என்ன ஆனா?"

"எந்த அம்மாக்கா?"

"கதாநாயகியோட அம்மா. மொத அத்தியாயத்துல உள்ள இருந்து கூப்புடுறாளே."

"அப்படி ஒரு ஆளு வருதா?" என்று அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு புத்தகத்தைப் புரட்டினார். "அட, ஆமா. ரெண்டாம் பாகத்துல வருவாங்களோ என்னமோ. ஏங்க்கா, இதுக்கா இம்புட்டுக் கோவம்? கதை எப்படி, அதைச் சொல்லுங்க. அழுதீங்களா?"

"அழுகல. பல்லைக் கடிச்சேன்."

"அப்ப ஆம்பளைகளுக்குக் குடுக்கலாம்" என்று அலமாரியில் வைத்துவிட்டார்.

ஒரு மட்டமான நாவலுக்காக ஒருத்தி தன் மகன் போனை எடுக்காமல் இருப்பாளா என்று நீ கேட்கலாம். பொறு. நியாயமாகப் பார்த்தால் எனக்கு அந்தப் புத்தகத்தைத் திட்டும் யோக்கியதை கிடையாது. ராஜகுமாரியைக் குதிரையில் தூக்கிப்போகும் கதைகளை வாரப் பத்திரிகையில் காத்திருந்து காத்திருந்து படித்தவள் நான். காலேஜில் பெஞ்சுக்கு அடியில் வைத்துப் படித்திருக்கிறேன். நீ வயிற்றில் இருந்தபோது அடுப்பில் பாலைப் பொங்கவிட்டுப் படித்திருக்கிறேன். அப்போதெல்லாம் குதிரையில் இருந்தது நான். காற்று என் முகத்தில்தான் அடித்தது. இந்த முறை அந்தப் படகில் எனக்கு அப்படி ஓர் இடம் கிடைக்கவில்லை. நாற்பத்தேழு வயதில் ஏன் கிடைக்கப்போகிறது? சரி, அந்த அம்மாவின் இடமாவது என்று தேடினேன். அதுவும் எனக்கு இல்லை. எனக்கான இடம் ஐம்பத்தாறாம் பக்கத்தில் இருந்தது. படகில் அந்தப் பெண் அழுகிறாள், துடுப்பு வலிக்கிற நான்கு பேரில் ஒருவன் அவள் அழுவதைப் போலவே செய்து காட்டுகிறான், மற்றவர்கள் சிரிக்கிறார்கள். அவ்வளவுதான், ஒரே வரி. அவனுக்குப் பெயர்கூட இல்லை. ஆனால் அவனுக்கு ஓர் அம்மா இருந்திருப்பாள். ஊருக்குத் திரும்பியதும் அவள் சோறு போட்டிருப்பாள், அவன் அதே மாதிரி அழுது காட்டியிருப்பான், அவளும் சிரித்திருப்பாள். அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது உனக்குப் புரிந்திருக்கும். புரியாத மாதிரி இருக்காதே.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் நீங்கள் நாலு பேரும் வீட்டுக்கு வந்தீர்கள். செல்வம் புது வேட்டியில் இருந்தான். நான் கோழிக் குழம்பு வைத்திருந்தேன். அவன் அத்தை மகள் கவிதாவைத் திருமங்கலம் பஸ் ஸ்டாப்பில் வைத்து எப்படித் தூக்கினீர்கள் என்று ஆளுக்கு ஒரு பக்கமாகச் சொன்னீர்கள். அவள் அம்மா, அதாவது செல்வத்தின் அப்பாவுக்குக் கூடப்பிறந்த தங்கச்சி, மகள் டிகிரி முடிக்கட்டும், அதற்கப்புறம் அவள் இஷ்டம் என்று சொல்லியிருந்தார்கள். செல்வத்துக்குப் பொறுக்கவில்லை. "மொறப்பொண்ணும்மா. கேட்டுக்கிட்டா நிப்பாங்க? உரிமை இருக்குல்ல" என்றான். அவன் சித்தப்பா வேனை எடுத்துக்கொண்டு போனீர்கள். ஓட்டியது நீ, உன் லைசென்ஸ் வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. காலேஜுக்குப் போக நின்ற பெண்ணை உள்ளே இழுத்துப் போட்டு, கோயிலுக்குக் கொண்டுபோய்த் தாலி கட்ட வைத்தீர்கள். நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மறந்திருந்தால் ஞாபகம் வரட்டும்.

"ஏம்மா, அவ என்னைய வேற அண்ணேங்குறாம்மா. 'அண்ணே, வண்டிய நிப்பாட்டுங்கண்ணே, அம்மாட்ட சொல்லிட்டு வாரேன்ணே'ன்னு ஒரே அழுகை. நான் என்னத்தச் செய்ய? டேப்பக் கூட்டி வச்சுட்டேன்."

குரலை மெலிதாக்கி, மூக்கை உறிஞ்சி, நீ செய்து காட்டினாய். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "போங்கடா, களவாணிப் பயலுகளா" என்று சொல்லிக்கொண்டே செல்வத்துக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன். அந்தக் கரண்டியை நான் இன்னும் புழங்குகிறேன்.

அடுத்த வாரம் செல்வம் வீட்டில் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் கூடினார்கள். அங்கே கவிதா, தான் விரும்பி வரவில்லை என்றுதான் சொன்னாள். நீங்கள் நாலு பேரும் வரிசையாக நின்று, அவளேதான் செல்வத்தைக் கூப்பிட்டாள், அவளேதான் வேனில் ஏறினாள் என்று சொன்னீர்கள். நான்கு ஆம்பளைகள் ஒரே மாதிரி சொன்னதும், வீட்டுக்குப் பயந்து இப்போது மாற்றிப் பேசுகிறாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். வேறு எவனோ இல்லையே, முறைக்காரன்தானே என்று வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டு கலைந்தார்கள். கவிதாவின் அம்மா எழுந்து, "என்னைய ஏமாத்திட்டு ஓடுனவ எனக்கு மக இல்ல" என்று சொல்லிவிட்டுத் திருமங்கலத்துக்கு பஸ் ஏறிவிட்டார்கள். இது உனக்குத் தெரியும். இதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. இதுவரை உன் அப்பாவிடம்கூட நான் சொன்னதில்லை.

பத்து நாள் கழித்து அந்த அம்மா நம் வீட்டுக்கு வந்தார்கள். நீ அப்போது வேலை விஷயமாக வெளியே போயிருந்தாய், கையில் ஆர்டர் வந்த வாரம் அது. கேட்டைத் திறந்தபோது யாரென்று எனக்குத் தெரியவில்லை. என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர்களாக இருக்கலாம். கழுத்தில் துணி அளக்கும் டேப் தொங்கிக்கொண்டிருந்தது. ஜாக்கெட் தைத்துப் பிழைப்பவர்கள், கழற்ற மறந்து அப்படியே கிளம்பி வந்திருக்கிறார்கள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"ஒங்க மகந்தான் வண்டி ஓட்டுச்சாம். வீட்ல என்னமும் சொல்லிச்சாங்க? எனக்கு வேற ஒண்ணும் வேணாம். கேஸு கீஸுன்னு போக மாட்டேன். ஒரே ஒரு விஷயம் மட்டும் சொல்லுங்க. எம்மக வண்டில அழுதாளா, சிரிச்சாளா?"

எனக்குப் பதில் தெரியும். உன் குரலில், உன் மூக்குறிஞ்சலோடு, எனக்குப் பதில் தெரியும். கேஸ் போட மாட்டேன் என்று இன்றைக்குச் சொல்லுவார்கள், நாளைக்குப் போலீசுக்குப் போனால் என் பிள்ளையின் வேலை என்ன ஆகும் என்று ஒரு நொடியில் கணக்குப் போட்டேன். "எனக்கு எதுவும் தெரியாதுங்க. பிள்ளைக சமாச்சாரம், நம்மகிட்ட எங்க சொல்லுதுக" என்றேன். தண்ணீர் குடிக்கிறீர்களா என்றும் கேட்டேன். "ஒங்களுக்கு மகன் மட்டுந்தானா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்கள். நீ அந்த வாரமே சென்னைக்குக் கிளம்பினாய். உனக்கு நான் முறுக்கு சுட்டுக் கட்டிக் கொடுத்தேன்.

உன் மேல் எனக்கு இருக்கிற கோபத்தை எழுதுவது சுலபம். என் மேல் இருக்கிற கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? உன்னை அடித்து வளர்க்கவில்லை, புத்தகம் கொடுத்து வளர்த்தேன் என்று பெருமையாக நினைத்திருந்தேன். உனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, நான் படித்துக்கொண்டிருந்த தொடர்கதையை எட்டிப் பார்த்து, "அவ வேணாம்னு சொல்றாள்லம்மா, அப்புறம் ஏன் தூக்கிட்டுப் போறான்?" என்று கேட்டாய். "அது சும்மா வெக்கத்துல சொல்றது. மனசுக்குள்ள ஆசைதான்" என்று நான் சொன்னேன். நீ நியாயமாகத்தான் கேட்டாய். கெடுத்தது நான். அதற்காக உன்னை விட்டுவிடப் போகிறேன் என்று நினைக்காதே. நீ பன்னிரண்டு வயதிலேயே நின்றுவிடவில்லை. வேன் ஓட்டும்போது உனக்கு இருபத்திரண்டு. உன் முதுகுக்குப் பின்னால் ஒரு பெண் அண்ணே அண்ணே என்று அழுதாள். அது வெட்கமில்லை என்பதற்கு உனக்கு எந்தப் புத்தகமும் தேவையில்லை. தெரிந்ததால்தான் டேப்பைக் கூட்டினாய்.

போன மாதம் உன் நிச்சயதார்த்தத்துக்கு செல்வம் கவிதாவையும் கூட்டி வந்திருந்தான். மண்டபத்தில் எல்லோரும் என்ன சொன்னார்கள் என்று நீயும் கேட்டாய். "பாரு, அன்னைக்கு அம்புட்டு அழிச்சாட்டியம் பண்ணுனவ, இப்ப எப்படி இருக்கா!" என்றார்கள். அவளும் இடுப்பில் பிள்ளையோடு பந்தியில் அப்பளம் வைத்துக்கொண்டிருந்தாள். செல்வம் குடிப்பவனில்லை, கை நீட்டுபவனில்லை, அதை நான் மறுக்கவில்லை. அந்த மஞ்சள் தலைக்காரனும் கை நீட்டவில்லை. கை கழுவுகிற இடத்தில் அவள் தனியாக இருந்தபோது, "அம்மா பேசுறாங்களாம்மா?" என்று கேட்டேன்.

"இல்லைங்கம்மா."

"நீ எடுத்துச் சொல்ல வேண்டியதுதான?"

"எம்புட்டோ தடவை சொல்லிட்டேன். லெட்டர் கூடப் போட்டேன். நாலு பேரு சாமி சத்தியமாச் சொன்னானுக, நீ ஒருத்தி மட்டும் உண்மையச் சொல்றியாக்கும்னு கேக்குறாக." பிள்ளையை அந்த இடுப்பிலிருந்து இந்த இடுப்புக்கு மாற்றினாள். "அம்மா கோவப்பட்டாக்கூடப் பரவாயில்லைம்மா. நான் அவுகளை நெனைக்காமப் போயிட்டேன்னு நெனைக்கிறாகள்ல, அதத்தான் தாங்க முடியல."

அம்மாவை நினைக்காமல் போன பெண் அந்த நாவலில்தான் இருக்கிறாள். இவள் வண்டியில் அழுதபோது அம்மாவிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்றுதான் சொன்னாள். நீ செய்து காட்டியபோதும் அப்படித்தான் சொன்னாய். அதை மறைத்து அவளை நாவல் கதாநாயகி ஆக்கியவர்கள் நீங்கள் நாலு பேர், ஐந்தாவதாக நான். ஆசைப்பட்டு ஓடியவள் என்று பெயர் வைத்து, அவளுக்கு இருந்த ஒரே அம்மாவை முதல் அத்தியாயத்தோடு முடித்துவிட்டோம்.

இதையெல்லாம் மனதில் போட்டுக்கொண்டிருந்த வாரத்தில்தான் நீ போன் செய்து, செல்வம் வண்டியைக் கொண்டு வருவான் என்று சிரித்தாய். சுதாவைப் பற்றி. நாளைக்கு இந்த வீட்டுக்குள் வந்து என்னை அத்தை என்று கூப்பிடப்போகிற பெண்ணைப் பற்றி. நீ போனில் சொன்னதை உன் அப்பாவிடம் சொன்னேன். "முடிஞ்சு போன கதைய எதுக்குக் கிளறுற? அவங்களே நல்லாத்தான இருக்காங்க" என்றார். கதை முடிந்தது யாருக்கு என்று கேட்டேன், பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

புதன்கிழமை நான் திருமங்கலம் போனேன். வீட்டை விசாரித்துப் போய்ச் சேரும்போது பதினோரு மணி. அந்த அம்மா தைத்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார்கள், ஆனால் மிஷினை நிறுத்தவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை. நின்றுகொண்டே சொன்னேன்.

"அன்னைக்கு எங்க வீட்டுக்கு வந்து கேட்டீங்க, அழுதாளா சிரிச்சாளான்னு. அழுதா. வண்டிய நிப்பாட்டச் சொல்லி அழுதா. அம்மாட்ட சொல்லிட்டு வாரேன்னு கேட்டு அழுதா. எம்மகன் பாட்டைக் கூட்டி வச்சிருக்கான். எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சுதான் ஒங்ககிட்ட பொய் சொன்னேன்."

மிஷின் நின்றது. திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன், பக்கத்தில் இருந்த கத்தரிக்கோலை எறிந்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர்கள் கேட்டது வேறு.

"எம்புட்டு தூரம் அழுதா?"

எனக்குப் புரியவில்லை. "என்னங்க?"

"பஸ் ஸ்டாப்புல இருந்து கோயிலு வரைக்கும் ஒரே அழுகையா, பாதி வழியில விட்டுட்டாளா? எந்த ஊரு தாண்டுற வரைக்கும் அழுதா? அன்னைக்கு நான் பதினோரு மணி வரைக்கும் இங்கன ஒக்காந்து தச்சுக்கிட்டுக் கெடந்தேன். எம்மக எம்புட்டு நேரம் என்னையக் கூப்புட்டுக்கிட்டுப் போனாண்டு எனக்குத் தெரியணும்."

"அது எனக்குத் தெரியாதுங்க. ஓட்டுனவனுக்குத்தான் தெரியும்."

"அப்ப அவன வரச் சொல்லுங்க. அம்புட்டுப் பேரு முன்னால பொய் சொன்ன வாயி, எம் முன்னால வந்து சொல்லட்டும்" என்றார்கள். நான் திரும்பும்போது, தலையைத் தூக்காமலே, "பிள்ளைக்கு என்ன பேரு வச்சிருக்கா?" என்று கேட்டார்கள். நான் அந்தப் பிள்ளையைப் பார்த்திருக்கிறேன், கன்னத்தைக் கிள்ளியிருக்கிறேன். பெயர் கேட்கத் தோன்றவில்லை. தெரியாது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அந்தத் தெருவில் இரண்டு தடவை தெரியாது என்று சொல்லியிருக்கிறேன், இரண்டும் உண்மை. உண்மையைச் சொல்லும்போதுகூட இவ்வளவு கேவலமாக இருக்க முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பத்திரிகை அச்சுக்குப் போகவில்லை. பிரஸ்ஸில் நான்தான் நிறுத்தி வைக்கச் சொன்னேன், அப்பா இல்லை. அவரிடம் கோபித்துக்கொள்ளாதே. வருகிற சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு வா. பெரியார் பஸ் ஸ்டாண்டில் நான் காத்திருக்கிறேன், இரண்டு பேரும் திருமங்கலம் போவோம். நான் வாசலோடு நின்றுகொள்வேன், நீ மட்டும் உள்ளே போ. செல்வத்துக்கு நீ என்ன சொல்வாய், அவன் உன்னோடு பேசுவானா என்பதெல்லாம் உன் பாடு. சுதாவிடமும் நீதான் சொல்ல வேண்டும். இதைக் கேட்டபிறகு அவள் வேண்டாம் என்று சொன்னால், அதை வெட்கம் என்று எடுத்துக்கொள்ளாதே. நீ வரவில்லையென்றால் நான் உன் கல்யாணத்துக்கு வர மாட்டேன். மிரட்டுவதற்காக இதை எழுதவில்லை. என்னால் அந்த மணவறைக்குப் பக்கத்தில் நின்று இன்னொருத்தியின் மகளை எங்களுக்குக் கொடுங்கள் என்று கை நீட்ட முடியாது. அவ்வளவுதான்.

அதுவரைக்கும் வேறு எதையும் யோசிக்காதே, அந்தச் சாலையை மட்டும் யோசி. பஸ் ஸ்டாப்பில் இருந்து ஆரம்பி. எந்த இடத்தில் டேப்பைக் கூட்டினாய், ரயில்வே கேட்டில் வண்டி நின்றதா, பாட்டையும் மீறி எதுவரை உனக்குக் கேட்டது, எந்த ஊர் தாண்டிய பிறகு அவள் உன்னை அண்ணே என்று கூப்பிடுவதை நிறுத்தினாள் என்று ஞாபகப்படுத்திக்கொள். அந்த அம்மா கேட்பார்கள். குறைத்துச் சொல்லாதே.

அம்மா